ஐப்பசிப் புழுவை என்ன செய்வது?

*உறைபனிக்கு முதல் நாள் வரை இலை தின்றுகொண்டிருக்கும் மொனார்க் புழுக்கள். எடுத்து வீட்டுக்குள் வைப்பதா, விதி என்று விட்டுவிடுவதா? ரொறன்ரோ தோட்டங்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி.*

ஒக்டோபர் மூன்றாம் வாரம். ஸ்காபரோவில் மக்கோவன் வீதிக்குக் கிழக்கே ஒரு வீட்டின் பின்வளவு. இரவு உறைபனி விழும் என்று கைபேசிக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. அம்மம்மா அவசர அவசரமாகக் கடைசித் தக்காளிக் காய்களைப் பறித்து வாளிக்குள் போடுகிறார். கறிவேப்பிலைச் சாடி முந்தின கிழமையே வீட்டுக்குள் போய்விட்டது. மிளகாய்ச் சாடிகள் கதவடியில் வரிசையாகக் காத்து நிற்கின்றன. வேலியோரத்து மில்க்வீட் செடியில் பாதி இலை மஞ்சளித்துவிட்டது. அதற்குக் கீழே குந்தியிருந்த ஒன்பது வயதுப் பேத்தி கத்துகிறாள்.

"அம்மம்மா, இங்க ஒரு புழு! இண்டைக்கு இரவு செத்துப்போயிடும். உள்ளுக்கு எடுப்பமே?"

"எடுத்து? தின்ன என்ன குடுப்பாய் பிள்ளை?"

"இந்த இலையைத்தான்."

"இந்த இலை நாளைக்குக் கருகிப் போயிடுமே."

புழுவுக்கு மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரிகள். நீளம் சுண்டுவிரலில் பாதி. தனக்கு மேலே நடக்கும் வழக்கைப் பற்றிக் கவலையில்லாமல் அது இலையின் ஓரத்தை அரைவட்டமாக அறுத்துக்கொண்டிருந்தது.

பேத்தி சொன்னது சரி. அம்மம்மா கேட்டதும் சரி. வட அமெரிக்காவின் பூச்சியியலாளர்களும் வீட்டுத் தோட்டக்காரர்களும் இதே வழக்கைத்தான் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறார்கள். வானிலை சொன்ன சொல் தவறாமல் நடந்த காலத்தில் இது அவ்வளவு பெரிய வழக்காக இருக்கவில்லை. இப்போது செப்டெம்பர் கடைசியிலும் வெயில் கொளுத்துகிறது. ஒக்டோபரில் ஒரு வாரம் கோடை, மறுவாரம் உறைபனி. புழுவுக்கும் குழப்பம், புழுவைக் காண்பவர்களுக்கும் குழப்பம்.

எருக்கின் உறவு

ஊரில் எருக்கஞ்செடியில் வரிப்புழுவைப் பார்த்தவர்களுக்கு மொனார்க் அந்நியமான பிராணி அல்ல. எருக்கில் வளர்வது வெந்தய வரியன். மொனார்க் அதற்கு மிக நெருங்கிய சொந்தம். கனடாவில் எருக்கின் இடத்தை மில்க்வீட் எடுத்துக்கொள்கிறது. முறித்தால் அதே பால், அதே இதய நஞ்சு. அந்த நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வதால்தான் ஒருமுறை மொனார்க்கைத் தின்ற பறவை வாந்தியெடுத்து, மறுமுறை அந்தச் செம்மஞ்சள் நிறத்தைக் கண்டாலே ஒதுங்குகிறது. மொனார்க் புழு வேறு எந்தக் குடும்பத்துச் செடியிலும் உயிர் பிழைக்காது. கோவா இலையோ கீரையோ கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை.

கோடையில் முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். முட்டை நாலைந்து நாள், புழு இரண்டு வாரம், கூட்டுப்புழு பத்துப் பன்னிரண்டு நாள். அந்த இரண்டு வாரத்தில் புழுவின் எடை சுமார் 2,000 மடங்காகிறது. கோடைத் தலைமுறைகள் சில வாரங்களே வாழும். ஓகஸ்ட் கடைசியில் பிறக்கும் தலைமுறைதான் வேறு சாதி. பகல் குறுகுவது, இரவு குளிர்வது, இலை முற்றுவது ஆகிய மூன்றையும் புழுப் பருவத்திலேயே உணர்ந்து, இனப்பெருக்கத்தை ஒத்திவைத்து, மெக்சிக்கோவின் மிச்சோவகான் மலைகளை நோக்கிப் பறக்கிறது. வழி மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல். ஆயுள் எட்டு மாதம் வரை. போன பூச்சி ரொறன்ரோவுக்குத் திரும்புவதில்லை. வசந்தத்தில் அது டெக்சஸ் பக்கம் வந்து முட்டையிட்டு இறக்க, அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே மே கடைசியிலும் ஜூனிலும் நம் வேலிகளுக்கு வந்து சேர்கின்றன.

இந்தப் பயணத்தின் மறுமுனையை உலகுக்குச் சொன்னது ரொறன்ரோதான், அதிலும் ஸ்காபரோ. ரொறன்ரோவில் பிறந்த விலங்கியலாளர் பிரெட் உர்குவார்ட்டும் மனைவி நோராவும் பல ஆண்டுகளாகப் பூச்சிகளின் சிறகில் சின்னஞ்சிறு ஒட்டுச்சீட்டு ஒட்டினார்கள். கண்டெடுப்பவர்கள் ரொறன்ரோப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு அனுப்புங்கள் என்பது அதிலிருந்த வாசகம். 1952இல் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்று தமிழ் இருக்கை அமைந்திருக்கும் அதே ஸ்காபரோ வளாகத்தில் உர்குவார்ட் பேராசிரியராக இருந்தார். அவர்களின் தொண்டர்களான கென் பிரக்கரும் கத்தலினா அகுவாடோவும் 1975 ஜனவரியில் மெக்சிக்கோவின் செரோ பெலோன் மலையில், கிளைகள் வளையும் அளவுக்கு மொனார்க்குகள் மொய்த்த மரங்களைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு உர்குவார்ட் நேரில் போனபோது, மினசோட்டாவில் சீட்டு ஒட்டப்பட்ட பூச்சி ஒன்று அங்கே கிடைத்தது. மலையோரக் கிராமத்தவர்களுக்கு அந்தப் பூச்சிகள் காலங்காலமாகத் தெரியும். அவை எங்கிருந்து வருகின்றன என்பதுதான் தெரியாதிருந்தது.

---

பெட்டிச் செய்தி: ஹெக்டேயர் கணக்கு

மெக்சிக்கோவில் மொனார்க்குகளைத் தலை எண்ணுவதில்லை. அவை மொய்த்திருக்கும் காட்டின் பரப்பை அளக்கிறார்கள்.

1996–97 குளிர்காலம்: 18.19 ஹெக்டேயர்
2013–14: 0.67 ஹெக்டேயர் (பதிவான மிகக் குறைந்த அளவு)
2022–23: 2.21 ஹெக்டேயர்
2023–24: 0.90 ஹெக்டேயர்
2024–25: 1.79 ஹெக்டேயர்
நிலைத்து வாழத் தேவையென விஞ்ஞானிகள் வைத்திருக்கும் இலக்கு: 6 ஹெக்டேயர்

2023 டிசம்பரில் கனடா மொனார்க்கை அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சட்டப்படி அறிவித்தது.

---

வெப்பமானியின் தீர்ப்பு

ஐப்பசிப் புழுவின் முதல் எதிரி பனியல்ல, கணக்கு. ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் மொனார்க் புழுவின் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடுகிறது. பகலில் 16, இரவில் 5 என்று இருக்கும் ஒக்டோபர் நாளில் அது வளர்வது சில மணி நேரம் மட்டுமே. கோடையில் ஒரு மாதத்தில் முடியும் காரியம் இரண்டு மாதம் இழுக்கும். ரொறன்ரோ ஒக்டோபரிடம் கொடுக்க இரண்டு மாதம் இல்லை.

தப்பிப் பிழைத்துக் கூட்டிலிருந்து வெளிவந்தாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. உடம்பு சுமார் 13 பாகைக்குச் சூடேறாமல் மொனார்க்கால் சரியாகப் பறக்க முடியாது. வெயில் இருந்தால் சிறகை விரித்துக் காய்ந்து சமாளிக்கும். மப்பும் மழையுமான நவம்பரில் அதுவும் இல்லை. ரொறன்ரோ ஏரிக்கரையில் வலசையின் உச்சம் செப்டெம்பர் முற்பாதியோடு முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் லெஸ்லி ஸ்பிட் முனையிலோ ரொறன்ரோத் தீவுகளிலோ நின்றால், ஏரியைக் கடக்க நல்ல காற்றுக்குக் காத்திருக்கும் கூட்டங்களைக் காணலாம். ஆறு வாரம் பிந்திக் கிளம்பும் ஒரு பூச்சிக்குக் கூட்டமும் இல்லை, வழியில் தேன் குடிக்கப் பூவும் இல்லை.

வெப்பமான இலையுதிர்காலம் நல்லதுதானே என்று தோன்றும். அது ஒரு தூண்டில். தாய்ப்பூச்சி ஏமாந்து முட்டையிட, அந்த முட்டைக்கு வேண்டிய ஒரு மாதத்தின் நடுவில் வானிலை கதவைச் சாத்திவிடுகிறது. இதில் தோட்டக் கடைகளுக்கும் பங்குண்டு. சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட் சாடிகளில் விற்பனைக்கு வருகிறது. இம்மண்ணுக்குரிய செடிகள் செப்டெம்பரில் வாடி 'காலம் முடிந்தது' என்று பூச்சிக்குச் சொல்லும்போது, இது மட்டும் உறைபனி விழும்வரை பச்சையாக நிற்கிறது. வலசைக்குத் தயாரான பூச்சிகளைக்கூட இந்தச் செடி மீண்டும் இனப்பெருக்கத்தின் பக்கம் திருப்பிவிடக்கூடும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழகுக்காக வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. மொனார்க்குக்காக வாங்குகிறோம் என்று நினைப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

வீட்டுக்குள் வளர்த்தால் என்ன?

காட்டில் இடப்படும் நூறு முட்டைகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை வண்ணத்துப்பூச்சி ஆவதில்லை. எறும்பு, சிலந்தி, குளவி, ஒட்டுண்ணி ஈ, மழை என்று எல்லாம் பங்கு கேட்கும். வலைக்கூட்டில் வைத்து இலை போட்டு வளர்த்தால் பெரும்பாலானவை பிழைக்கும். இந்தக் கணக்கு ஆசை காட்டுகிறது. ஆனால் தேறி வருவது என்ன மாதிரிப் பூச்சி?

சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு வளர்ப்பாளர்களைத் திடுக்கிட வைத்தது. வியாபாரப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மொனார்க்குகள் தெற்குத் திசையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதைவிடக் கவலையான செய்தி, காட்டு வழிவந்த பூச்சிகளையே கட்டடத்துக்குள் இலையுதிர்கால வெளிச்சமும் குளிரும் செயற்கையாகக் கொடுத்து வளர்த்தபோதும் அவை திசை தவறின. வெளியில் வளர்ந்தவை தெற்கையே நோக்கின. மறு ஆண்டு ஜோர்ஜியாப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, வளர்ப்புப் பூச்சிகளின் பிடிப்பு காட்டுப் பூச்சிகளைவிட 56 சதவீதம் பலவீனம், சிறகின் நிறமும் வெளிறியது என்றது. பிடிப்பு என்பது சின்ன விசயமில்லை. மெக்சிக்கோ மலையில் காற்றடிக்கும் இரவில் கிளையைப் பிடித்துத் தொங்கத் தெரியாத பூச்சி நிலத்தில் விழும். நிலம் உறைந்திருக்கும்.

2021இல் எங்கள் ஒன்ராறியோவின் குவெல்ப் பல்கலைக்கழகம் வேறொரு விடையோடு வந்தது. வளர்ப்பு மொனார்க்குகளைச் சோதனைக் கருவிக்குள் கட்டிப் பறக்கவிட்டபோது பெரும்பாலானவை திசை தெரியாமல் தடுமாறின. அதே மாதிரி வளர்ந்தவற்றுக்கு நுண் வானொலிக் கருவி பொருத்தித் திறந்தவெளியில் விட்டார்கள். கோபுரங்களில் பதிவானவற்றில் 97 சதவீதம் தெற்கு, தென்கிழக்குப் பக்கமாகவே போயிருந்தன. வெயிலையும் வானத்தையும் சில நாள் பார்த்தால் திசையறிவு தேறிவிடுகிறது என்பது அவர்களின் கருத்து.

இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று வெட்டுவதாக எனக்குப் படவில்லை. நிலவறையில் மின்விளக்கின் கீழ் வளர்வதுதான் கெடுக்கிறது, வெயிலும் காற்றும் படும் இடத்தில் வளர்வது கெடுப்பதில்லை என்றே இரண்டும் சேர்ந்து சொல்கின்றன. வளர்க்கத்தான் வேண்டுமென்றால் வலைக்கூடு இருக்க வேண்டிய இடம் பின்வளவு நிழல். தொலைக்காட்சிக்குப் பக்கத்து மேசை அல்ல.

எண்ணிக்கையும் முக்கியம். ஒரே கூட்டில் ஐம்பது புழு என்றால் நோய் பாயும். ஓஈ என்று வளர்ப்பாளர்கள் சுருக்கிச் சொல்லும் நுண்ணுயிர் ஒட்டுண்ணி, தாயின் சிறகுச் செதில்களிலிருந்து முட்டைக்கும் இலைக்கும் உதிர்ந்து, புழு தின்னும்போது உள்ளே போகிறது. கடுமையாகத் தொற்றிய பூச்சி கூட்டிலிருந்து முழுதாக வெளியே வர முடியாமல், சிறகு மடங்கிச் சாகும். மெல்லத் தொற்றியது நன்றாகவே தோன்றும், பறந்துபோய் மற்றவற்றுக்குப் பரப்பும். இதனால்தான் லிங்கன் பிரவர் உள்ளிட்ட மொனார்க் விஞ்ஞானிகள் 2015இல் கூட்டறிக்கை விட்டு, பெருமளவில் வளர்த்து விடுவதையும் விற்பதையும் எதிர்த்தார்கள். கலியாண வீட்டில் பெட்டி திறந்து பூச்சி பறக்கவிடும் வழக்கம் வட அமெரிக்காவில் உண்டு. நம்மவர் மண்டபங்களுக்கும் அது வந்துசேராமல் இருக்க வேண்டும்.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்ராறியோவின் வனவுயிர்ச் சட்டத்தில் மொனார்க் சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற பூச்சி. அதைப் பிடித்து வைத்திருப்பதற்கு வரம்பு உண்டு, பெருமளவில் வளர்க்க அனுமதி வேண்டும். ரூஜ் தேசிய நகர்ப்பூங்கா மத்திய அரசின் நிலம். அங்கிருந்து ஒரு முட்டையைக்கூடக் கிள்ளி வரக்கூடாது.

சரி, இந்தப் புழு?

ஒக்டோபரில் கண்ட ஒற்றைப் புழுவைப் பிள்ளையின் கண் முன்னே சாகவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றை எடுத்து வளர்ப்பதால் இனம் கெட்டுப்போகாது. அதனால் இனம் பிழைக்கப்போவதும் இல்லை. அந்த இரண்டையும் தெரிந்துகொண்டு செய்யலாம்.

முதல் கேள்வி அம்மம்மா கேட்டதுதான். கடைசிப் பருவப் புழு ஒன்று ஒரு நாளில் ஒரு பெரிய மில்க்வீட் இலையைத் தின்று முடித்துவிடும். உறைபனிக்கு முன் தண்டோடு வெட்டி, கழுவி, ஈரத் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இலை சில நாள் தாங்கும். வெட்டும்போது வடியும் பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும், ஆகவே கையைக் கழுவிவிட்டே முகத்தைத் தொட வேண்டும். பிள்ளைகளுக்கு இதை இரண்டு தரம் சொல்லுங்கள். கூட்டின் அடியில் சேரும் எச்சத்தை நாள்தோறும் எடுக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். புழு தலைகீழாகத் தொங்கத் தொடங்கியதும் அசைக்கக்கூடாது. வெளிவந்த பூச்சியின் சிறகு உலரச் சில மணி நேரம் வேண்டும். வெயிலும் 15 பாகையும் ஒன்றாகக் கிடைக்கும் நண்பகல்தான் விடுவதற்கு ஏற்ற நேரம்.

அப்படி ஒரு நண்பகல் வராமலே நவம்பர் முடிந்துவிட்டால்? அமெரிக்காவில் 2014இல் நியூயோர்க் மாநிலத்தில் பிந்திப் பிறந்த ஒரு மொனார்க்கை விமானத்தில் ஏற்றி டெக்சசின் சான் அன்ரோனியோவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். செய்தி நன்றாக ஓடியது. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு எல்லை இருக்கிறது. உயிருள்ள பூச்சியை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும். எனவே இங்கே பெரும்பாலும் நடப்பது, பழத் துண்டும் தேன்கரைசலும் கொடுத்துச் சில வாரம் வைத்திருந்து, கடைசியில் பிள்ளையோடு சேர்ந்து புதைப்பது. இதைத் தொடக்கத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

குளிரும் ஒரு ஆசிரியர்

'வசந்தம் வரை வீட்டுக்குள் வைத்திருந்து விட்டால் வடக்கே இருக்கும்தானே?' என்று கேட்பவர்களுக்கு மாசசூசெற்சில் 2013இல் வெளியான ஒரு ஆய்வு பதில் சொல்கிறது. இலையுதிர்காலத்தில் தெற்கே போய்க்கொண்டிருந்த மொனார்க்குகளைப் பிடித்து, மெக்சிக்கோ மலையின் குளிரளவில் 24 நாள் வைத்தார்கள். பிறகு பறக்கவிட்டபோது அவை வடக்கே திரும்பின. குளிர் படாமல் வைத்திருந்தவை வசந்தத்திலும் தெற்கையே நோக்கிக்கொண்டிருந்தன. அதாவது, பூச்சியின் திசைகாட்டியை வடக்குக்குத் திருப்பும் சாவி குளிர்தான். நம் வீட்டின் 21 பாகைக் கதகதப்பில் மார்ச் வரை உயிரோடிருந்த பூச்சிக்கும் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாது.

அளவு தவறிய குளிரோ கொல்லும். சுமார் 3,000 மீற்றர் உயர மலையில், ஒயமெல் என்ற ஊசியிலை மரக்காடு பூச்சிகளுக்குக் கூரையாகிறது. உடம்பு உலர்ந்திருந்தால் மைனஸ் 8 பாகை வரைகூடப் பாதிப் பூச்சிகள் பிழைக்கும். நனைந்துவிட்டால் மைனஸ் 4 சொச்சத்திலேயே பாதி செத்துவிடும். 2002 ஜனவரியில் முதலில் மழை வந்தது, பின்னால் உறைபனி வந்தது. முக்கியமான இரண்டு தங்கலிடங்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்ட பூச்சிகள் இறந்தன. காடு வெட்டப்பட்டு மேலே இடைவெளி விழுந்த இடங்களில் மழை நேரே உள்ளே இறங்குகிறது. 2016 மார்ச்சில் வந்த புயல் மரங்களையே சாய்த்தது. ஸ்காபரோவில் ஒரு கூட்டுக்குள் நாற்பது பூச்சியைத் தேற்றுகிறோம். அங்கே ஒரே இரவு கோடிக்கணக்கில் கொண்டுபோகிறது.

வடக்கிலும் நட்டம் பெரிது. களைகொல்லியைத் தாங்கும் சோளமும் சோயாவும் வந்தபின் அமெரிக்க மத்திய மேற்கின் வயல்களில் மில்க்வீட் துடைத்தெறியப்பட்டது. 1999க்கும் 2010க்கும் இடையில் அப்பகுதியின் மில்க்வீட் 58 சதவீதம் குறைந்தது என்பது அறியப்பட்ட ஒரு மதிப்பீடு. குறைந்துபோனது செடி. கூடு செய்து விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

பனிக்குக் கீழே இருப்பவை

மொனார்க் போய்விடுகிறது. போகாமல் நம் வளவிலேயே குளிர்காலத்தைக் கழிப்பவையும் இருக்கின்றன. தோட்டக்காரர் உண்மையாகவே குளிர்காலம் முழுக்கப் புழு காக்கலாம் என்றால், அது இவற்றைத்தான்.

கறுப்பு வாலிறகிப் பூச்சியின் பச்சைப் புழு பார்ஸ்லி, டில், கரட் இலைகளைத் தின்னும். பெருஞ்சீரகச் செடி வைத்திருப்பவர்கள் கண்டிருப்பீர்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் கூடு கட்டுவது வசந்தம் வரை கூட்டுப்புழுவாகவே உறங்கும். இதை வலைக்கூட்டில் வைத்திருப்பவர்கள் இரக்கப்பட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தால், சூட்டை வசந்தமென்று நம்பி ஜனவரியில் வெளிவரும். வெளியே மைனஸ் 15, பூ ஒன்றுமில்லை. சூடேற்றாத கராஜ் அல்லது வேலியோர நிழலே அதற்கு ஏற்ற இடம். கபில நிறமும் கறுப்புமாக மயிர் அடர்ந்த 'வூலி பெயர்' மயிர்க்கொட்டி, உடம்பில் கிளிசரோல் ஊற்றிக்கொண்டு, சருகுக்குள் சுருண்டு உறைந்தே குளிர்காலத்தைக் கடக்கிறது. மோர்னிங் குளோக் என்ற வண்ணத்துப்பூச்சி முழுப் பூச்சியாகவே மரப்பட்டையின் இடுக்கில் ஒளிந்திருந்து, மார்ச்சின் முதல் வெயிலில் பனி கிடக்கும்போதே பறக்கிறது.

இவற்றுக்கு வானிலை செய்யும் தொல்லை வேறு மாதிரி. தரையில் பனி தடித்துக் கிடந்தால் அதற்கடியில் வெப்பநிலை பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிலையாக நிற்கும். பனியில்லாத வெறுந்தரையோ பகலில் இளகி இரவில் உறையும். உறைந்து இளகி உறைவதுதான் இந்த உயிர்களைக் களைப்பிக்கிறது. 2023–24 குளிர்காலம் 1948 முதலான பதிவுகளில் கனடா முழுவதற்கும் மிக வெப்பமானது. பனி அள்ளும் வேலை மிச்சம் என்று நாம் மகிழ்ந்தோம். சருகுக்குள் படுத்திருந்தவற்றுக்குப் போர்வை இல்லாமல் போயிற்று.

அந்தப் போர்வைக்கு மாற்று சருகுதான். அதைத்தான் நவம்பரில் கூட்டி அள்ளிக் கடதாசிப் பைகளில் கட்டி வீதியோரம் வைக்கிறோம். கூடவே எத்தனை கூட்டுப்புழு போகிறது என்று யாரும் பைக்குள் பார்ப்பதில்லை. நடைபாதையையும் புல்தரையையும் துப்புரவாக்குங்கள். பூப்பாத்திகளிலும் வேலியோரத்திலும் சருகை விடுங்கள். காய்ந்த தண்டுகளை ஏப்பிரலில் வெட்டலாம்.

---

பெட்டிச் செய்தி: அயலவர் முறைப்பாடு செய்தால்?

மில்க்வீட் 2014 வரை ஒன்ராறியோவில் சட்டப்படி களை. அந்த ஆண்டு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது 'டோக் ஸ்ட்ராங்கிளிங் வைன்' என்ற ஐரோப்பியக் கொடி. இதுவும் மில்க்வீட் குடும்பம் என்பதால் தாய்ப்பூச்சி ஏமாந்து அதில் முட்டையிடும். பொரிக்கும் புழுக்கள் செத்துவிடும். டொன் பள்ளத்தாக்கிலும் ரூஜ் பக்கமும் மண்டிக் கிடக்கிறது. உங்கள் வேலியில் கண்டால் வேரோடு கிண்டி எடுங்கள்.

ரொறன்ரோ மாநகரச் சட்டத்தில் 20 சென்றிமீற்றர் உயர வரம்பு புல்தரைக்கு மட்டுமே. 2022 முதல், இயற்கைத் தோட்டம் வைக்கத் தனி விலக்கு வாங்கத் தேவையில்லை.

---

ஸ்காபரோ காட்டும் வழி

ஸ்காபரோவில் மின்கம்பங்களின் கீழே நீண்டு கிடந்த வெற்றுப் புல்வெளியை இப்போது போய்ப் பாருங்கள். ஸ்காபரோ சென்ரர் அருகே வண்ணத்துப்பூச்சிப் பாதையாகச் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி, 2018இல் 'மெடோவே' என்ற பெருந்திட்டமாயிற்று. டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் பூங்கா வரை 16 கிலோமீற்றர், சுமார் 200 ஹெக்டேயர். மாதமொருமுறை வெட்டிய புல்லை எடுத்துவிட்டு, மில்க்வீட், கோல்டன்ரொட், காட்டு ஆஸ்டர் என்று இம்மண்ணின் பூச்செடிகளை விதைக்கிறார்கள். பிறிம்லி வீதியில் தொம்சன் பூங்காவை ஒட்டி இந்தப் பாதையில் நடக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஓகஸ்ட் மாலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் வரிப்புழு தென்படும். அதற்குக் கூடு கட்டிக் கொடுத்தவர் யாருமில்லை.

வீட்டு வளவு அந்தப் பாதையின் கிளையாகலாம். சின்ன வளவென்றால் சாதாரண மில்க்வீட் வேண்டாம். அது வேரால் ஓடித் தக்காளிப் பாத்திக்குள்ளும் வரும். சதுப்பு மில்க்வீட் ஒரே இடத்தில் நிற்கும், ஈரம் பிடிக்கும், சாடியிலும் வளரும். காய்ந்த மணல் தரையென்றால் செம்மஞ்சள் பூப் பூக்கும் பட்டர்ஃபிளை மில்க்வீட். வலசைக்குக் கிளம்பும் பூச்சிக்குச் செப்டெம்பர் தேன் வேண்டும் என்பதால் ஆஸ்டரும் கோல்டன்ரொட்டும் கட்டாயம். கோல்டன்ரொட் தும்மல் தரும் என்று பிடுங்குபவர்கள் கவனிக்க: தும்மலுக்குக் காரணம் அதே காலத்தில் பூக்கும் ரக்வீட்.

விதைக்க நல்ல காலம் நவம்பர். மில்க்வீட் விதை குளிரும் ஈரமும் பட்டுக் கிடந்தால்தான் வசந்தத்தில் நன்றாக முளைக்கும். மண்ணைக் கீறித் தூவி, மெல்ல மூடிவிட்டு வீட்டுக்குள் போய்விடலாம். மிச்ச வேலையைப் பனி செய்யும். நவம்பரைத் தவறவிட்டவர்கள் ஈரமணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்து ஏப்பிரல் கடைசியில் விதைக்கலாம்.

பிள்ளைகள் புழு பார்க்க வேண்டுமென்றால் ஜூலை கடைசியில் நடக்கும் கண்டமளாவிய மொனார்க் கணக்கெடுப்பில் சேருங்கள். மொன்றியால் பூச்சிக்காட்சியகத்தின் 'மிஷன் மொனார்க்' திட்டத்தில் இதற்குப் பதிவு செய்யலாம். செடியைத் தேடி, இலையைத் திருப்பி, முட்டையையும் புழுவையும் எண்ணி அனுப்புவதுதான் வேலை. ஒன்றும் இல்லையென்றால் பூச்சியம் என்று எழுதி அனுப்புங்கள். அந்தப் பூச்சியமும் ஆய்வாளர்களுக்குத் தேவை.